அடைக்கலாங்குருவி



 

அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர், ஒரு சிறு குருவியோடு விளையாடி வந்தார். அது இறந்துவிட்டது. வாடியிருந்த அச்சிறுவரிடம், அக்குருவிக்கு என்னவாயிற்று என்று நபியவர்கள் பரிவோடு விசாரித்தார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரே ஹதீஸிலிருந்து 60 பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். மதரஸாவில் ஓதியபோது அந்த எண்ணிக்கை என் மனத்தில் நின்றது, குருவி நிற்கவில்லை.

நான் முன்பு பணியாற்றிய பள்ளிவாசலில், உட்சுவரின் துளை ஒன்றில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டியிருந்தன. ரமளானுக்கு முன் வெள்ளையடிக்கும் வேலை நடந்தது. விரிப்பில் எச்சம் விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டார்கள். ஹனஃபி மத்ஹபில் அது அசுத்தமன்று, ஷாஃபிஈ மத்ஹபில் அசுத்தம் என்று சட்டத்தைச் சரியாகவே சொன்னேன். கூட்டை அகற்றிவிடுங்கள் என்றும் சொன்னேன். இறகு முளைக்காத குஞ்சுகளும் அதோடு கீழே வந்தன. இரண்டு வாரம் பொறுத்திருந்தால் அவை தாமே பறந்து போயிருக்கும். அன்று அது எனக்குத் தெரியாது, எவரிடமும் கேட்கவுமில்லை. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், அலகில் புழுவோடு ஒரு பெட்டைக்குருவி, பூசி அடைக்கப்பட்ட அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பயணமொன்றில் தோழர்கள் எடுத்துவிட்ட குஞ்சுகளைத் தாய்ப்பறவையிடமே திருப்பிக் கொடுக்கும்படி நபியவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அதை மிம்பரில் எத்தனையோ முறை சொன்னவன் நான்.

அதன்பிறகுதான் என் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில் ஒரு மரப்பெட்டி மாட்டினேன். உங்களில் எவரேனும் மாட்ட நினைத்தால், வாசல் துளை ஒன்றேகால் அங்குலத்தைப் பெரிதும் தாண்டாதிருக்கட்டும். பெரிதானால் மைனா புகுந்துகொள்ளும். வெயில் நேராகப் படாத, பூனை எட்டாத உயரம் வேண்டும். உட்புறம் சாயம் பூசாதீர்கள்.

முதல் வருடம் எதுவும் வரவில்லை. மறுவருடம், தொண்டையில் கருப்புத் திட்டுள்ள ஒரு சேவல் வந்து, வாசலில் அமர்ந்து ஓயாமல் கத்தியது. பின்பு பெட்டையும் சேர்ந்தது. வைக்கோல், துடைப்பக் குச்சி, கோழியிறகு, என் மகளின் தாவணி நூல் வரை உள்ளே போயின. நாளுக்கு ஒன்றாக மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும் என்பார்கள். திறந்து எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரத்திற்குள் மெல்லிய குரல்கள் கேட்டன. தானியம் தின்னும் அப்பறவைகள், குஞ்சுகளுக்காகப் புழுவையும் பூச்சியையும் தேடி நாள் முழுதும் அலைகின்றன. சேவலும் ஊட்டுகிறது. குஞ்சுகளின் கழிவைக்கூட அலகால் கவ்விக்கொண்டு போய் வெளியே போடுகின்றன. என் துணைவியார் முருங்கைக்குப் பூச்சிமருந்து அடிப்பதை அத்தோடு நிறுத்திவிட்டார். தென்மாவட்டத்தார் இதனை அடைக்கலாங்குருவி என்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சகோதரர்களே! சிட்டுக்குருவி அடியோடு அழிகிறது என்பதும், செல்போன் கோபுரமே காரணம் என்பதும் மேடைதோறும் கேட்கிற பேச்சு. கோபுரக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடளவில் இவ்வினம் பெரிதும் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. ஓட்டு வீடு போய் இடுக்கில்லாத கான்கிரீட் வந்தது, பூச்சிகளும் அருகின. நம் பள்ளிவாசல்களும் அப்படித்தானே மாறின?

இஸ்தான்பூலின் உஸ்குதார் பகுதியில், 1761இல் கட்டி முடிக்கப்பட்ட அயஸ்மா பள்ளிவாசலின் வெளிச்சுவர்களில், சின்னஞ்சிறு மாளிகைகளைப் போன்ற குருவி வீடுகளைக் கல்லில் அமைத்திருக்கிறார்கள். தொழுபவர் விரிப்பும் தூய்மையாக இருந்தது, பறவைக்கும் இடம் கிடைத்தது.

இப்போது நான் இருக்கும் மஹல்லாவின் முத்தவல்லியிடம் இதைச் சொன்னேன். ஹவ்ளுக்கு மேலே, வெளிச்சுவரில் இரண்டு பெட்டிகள் மாட்ட இசைந்தார். மாட்டி நான்கு மாதமாகிறது. ஒன்றில் அணில் குடியேறிவிட்டது. மற்றது இன்னும் காலியாக இருக்கிறது.