வாதம் வேறு, வம்பு வேறு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



நமது கல்முனைக் கடற்கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் இரு கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு பக்கம் பிந்தினால் மறுபக்கத்திலிருந்து சத்தம் வரும். சில வேளை ஏச்சும் வரும். ஆனால், கோபம் வந்துவிட்டதென்று கயிற்றைப் போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. போனால் மீனும் போய்விடும் என்பது இரு பக்கத்தாருக்கும் தெரியும்.

பலர் கூடிச் செய்யும் வேலை எதிலும் கருத்து வேற்றுமை உண்டு. வேற்றுமை வந்த பின்னரும் கயிற்றை விடாமல் நிற்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். எடுத்துக்காட்டாக, நம் காலத்திலே தமிழில் நடைபெறும் ஒரு பெரிய கூட்டு வேலையைப் பார்க்கலாம். அதுதான் இணையத்திலுள்ள தமிழ் விக்கிப்பீடியா.

விக்கிப்பீடியா என்பது யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டில் அமைந்த கலைக்களஞ்சியம். ஆங்கிலத்திலே 2001ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. தமிழில் 2003இல் தொடங்கியது. அதற்குத் தொடக்கத்தில் உருக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அந்தப் பணிக்காக 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது. 2017இல் அக்களஞ்சியத்தின் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. எழுதியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள், இலங்கையிலும் தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருப்பவர்கள், சம்பளம் வாங்காதவர்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கிடையே சண்டை வராதிருக்குமா? வந்தது. அவற்றுள் நீண்ட காலம் நடந்த ஒரு வழக்கு கிரந்த எழுத்துகளைப் பற்றியது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகளைத் தமிழிலே வைத்துக்கொள்வதா, தள்ளுவதா? இஸ்லாம் என்று எழுதுவதா, இசுலாம் என்று எழுதுவதா?

நம் ஊர்களிலே வாழ்கிறவர்களுக்கு இது வெறும் இலக்கணக் கேள்வியன்று. ஹஜ், ஜும்ஆ, ஜனாஸா என்பன நாம் பிறந்தது முதல் இறக்கும் வரை நாவில் கிடக்கும் சொற்கள். முஹம்மது என்ற பெயரிலே ‘ஹ’வை எடுத்துவிட்டால் பெற்றவர்கள் வைத்த பெயரிலே ஒரு துண்டை எடுத்துவிட்டதுபோல் நமக்குத் தோன்றுகிறது. ஆகையினால் இந்த வழக்கிலே நம்மவர்களுக்குச் சீற்றம் வருவது இயல்பே.

ஆனால், எதிர்ப்பக்கத்தாரின் நியாயத்தையும் அவர்களே தலையசைக்கும் விதமாக நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் காலந்தொட்டே பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இணக்கி எழுதுவது மரபு. அந்த மரபு இல்லாதிருந்தால் தமிழ் இன்று வேறு மொழியாகப் போயிருக்கும் என்பது அவர்கள் அச்சம். அது பொய்யான அச்சமன்று. நமது உமறுப் புலவரே சீறாப்புராணத்தில் எத்தனையோ அரபுப் பெயர்களைத் தமிழ் ஓசைக்கு இணங்க வைத்துப் பாடியிருக்கிறார். மறுபுறம், நம் முன்னோர் அரபுத் தமிழ் என்று ஒன்றை உண்டாக்கியபோது, அரபு மொழியிலே இல்லாத ‘ப’, ‘ட’, ‘ண’ போன்ற தமிழ் ஓசைகளுக்கென அரபு எழுத்தின்மேல் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துகளை அமைத்தார்கள். தமிழ் ஓசைக்கு அரபு எழுத்து இடம் கொடுத்தது. அரபு ஓசைக்குத் தமிழ் எழுத்து இடம் கொடுக்கலாகாதா என்று நாம் கேட்கலாம். இது வாதம். இதற்கு அவர்கள் பதில் சொல்லலாம். ‘நீ தமிழனா?’ என்று அவர் கேட்டாலும், ‘உனக்கு எங்கள் மார்க்கத்தின் மேல் வெறுப்பு’ என்று நாம் சொன்னாலும் அது வம்பு. வம்புக்குப் பதில் கிடையாது. பதிலுக்கு இன்னொரு வம்புதான் உண்டு.

இந்தக் களஞ்சியத்தின் அமைப்பிலே எனக்குப் பிடித்த மூன்று ஏற்பாடுகள் உள்ளன.

ஒன்று, ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்திலே ஓர் உரையாடற் பக்கம் உண்டு. சண்டை அங்கே; கட்டுரையில் அன்று. எல்லாருக்கும் பொதுவான விடயங்களைப் பேசத் தனியே ஓரிடம் வைத்து, அதற்கு ஆலமரத்தடி என்று பெயரிட்டிருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! ஊரிலே வழக்குப் பேச ஒரு மரத்தடி இருந்தால், வழக்கு வீட்டு வாசலுக்கு வராது.

இரண்டு, யார் எந்த நேரத்தில் எதை மாற்றினார், என்ன சொன்னார் என்பதெல்லாம் பதிவாகிக் கிடக்கும். கோபத்தில் எழுதிய சொல்லைப் பிறகு நாமே எடுத்துவிட்டாலும், எடுத்தது தெரியும். இது சிலருக்கு அச்சமாயிருக்கலாம். என்னைக் கேட்டால், நன்மை தீமையை எழுதிக்கொண்டிருக்கும் மலக்குகளை நம்புகிற நமக்கு இது புதிதன்று.

மூன்று, ஆங்கில விக்கிப்பீடியாவிலே ஒரு விதி உண்டு. ஒரு பக்கத்தில் பிறர் செய்த மாற்றத்தை ஒருவர் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அழித்துத் திருப்பக் கூடாது. அவர் சொல்வது சரியா பிழையா என்று அந்த விதி பார்ப்பதில்லை. சரியான பக்கத்தில் நிற்பவனுக்கும் ஓர் இரவு உறக்கம் தேவை என்பதே அதன் கருத்து.

இவற்றோடு வழிமாற்று என்றொரு முறையும் உண்டு. ஒரே கட்டுரைக்கு இரண்டு பெயர் வழங்குமானால், எந்தப் பெயரைத் தேடினாலும் அதே கட்டுரைக்கு வந்து சேரலாம். கட்டுரையின் தலையிலே எந்தப் பெயர் நிற்பது என்ற வழக்கு அதனால் தீர்ந்துவிடாது. ஆனால், வழக்குத் தீரும் வரை வாசகனுக்குக் கதவு மூடப்படவில்லை.

சொல் பற்றிய இத்தகைய வழக்கு நமக்குப் புதிதுமன்று. கல்முனைக்கு அடுத்த காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936ஆம் ஆண்டு சென்னையிலே நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அறிவியற் சொற்களுக்கு வடசொல்லை எடுப்பதா, தமிழ்ச்சொல்லை ஆக்குவதா என்று கற்றோர் பிரிந்து நின்ற காலம் அது. அந்த வேற்றுமைக்கு நடுவிலும் வேலை நடந்தது; 1938இலே கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன. வழக்குத் தீர்ந்த பிறகுதான் வேலை என்று அவர்கள் காத்திருந்தால், அந்த நூல் வந்திராது.

மார்க்க அறிஞர்களிடமும் இந்தப் பண்பைக் காணலாம். இமாம் ஷாபிஈ ஸுபஹுத் தொழுகையிலே குனூத் ஓத வேண்டும் என்ற கருத்துடையவர். அவர் வழியிலேதான் நம் பள்ளிவாசல்களில் ஓதுகிறோம். இமாம் அபூஹனீபாவின் கருத்து வேறு. பக்தாதிலே அபூஹனீபா அடங்கியிருக்கும் இடத்தருகே தொழுதபோது, ஷாபிஈ அவர்கள் மரியாதை கருதி அன்று குனூத்தை விட்டார்கள் என்ற செய்தி மத்ரஸாக்களிலே சொல்லப்படுவதுண்டு. அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றுக் கருத்துடையவரின் இடத்திலே நிற்கிறோம் என்ற நினைவு அவருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

இந்த நினைவு அற்றுப்போனால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரிலே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவிலே மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு கூட்டம் குற்றஞ்சாட்டியது. அந்தக் காட்சி கையடக்கத் தொலைபேசிகளிலே பரவியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்தபோது, அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்திலே கலவரம் மூண்டது. அரசாங்கம் முகநூலைச் சில நாட்கள் முடக்கியது. 2020 மே மாதத்திலே அந்த நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது.

இதுவும் இணையந்தான், அதுவும் இணையந்தான். ஒன்றிலே ஆலமரத்தடி இருந்தது, மற்றதிலே இல்லை. ஒன்றிலே ஆதாரம் கேட்டார்கள். மற்றதிலே கேட்பதற்குள் கல் பறந்துவிட்டது.

நேயர்களே, ஒரு மறுப்பு உங்கள் மனதில் எழலாம். ‘மரியாதை, மரியாதை என்று சொல்லி எளியவன் வாயை மூடப் பார்க்கிறீர்களா?’ இது நேர்மையான கேள்வி. சிறுபான்மையாய் வாழ்கிறவர்களிடம் பொறுமையைக் கேட்பது எப்போதும் எளிது. ஆகையினால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மரியாதை என்பது மௌனமன்று. கோபித்துக்கொண்டு எழுந்து போவது வீரமுமன்று. நாம் போய்விட்டால் நம் ஊரைப் பற்றியும் நம் பெயரைப் பற்றியும் பிறர் எழுதியதே நிலைக்கும். ஆகவே இருக்க வேண்டும், சொல்ல வேண்டும், திரும்பவும் சொல்ல வேண்டும். ஆளைப் பற்றியல்ல, சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் கல்முனையையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனிலே உண்ணாவிரதம் நடந்தது. தமிழருக்கு ஒரு நியாயம், முஸ்லிம்களுக்கு ஒரு நியாயம். கல்முனை பற்றி ஒரு கட்டுரை எழுதும் நம் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? தன் பக்கத்து நியாயத்தை மட்டும் எழுதினால், மறுநாள் மற்றப் பக்கத்துப் பிள்ளை அதை அழிப்பான். ‘தமிழ்த் தரப்பினர் இன்ன காரணம் கூறுகின்றனர், முஸ்லிம் தரப்பினர் இன்ன காரணம் கூறுகின்றனர்’ என்று இரண்டையும் ஆதாரத்தோடு எழுதினால், அழிப்பதற்கு இருவரும் கூசுவார்கள். தீர்ப்பு எழுத்தில் இல்லை. நியாயம் மட்டும் இருக்கிறது. 1990ஆம் ஆண்டை மறந்தவர்கள் இரு பக்கத்திலும் இல்லாத இந்தக் கரையிலே, இரண்டு பிள்ளைகள் ஒரே பக்கத்தில் இருந்து இப்படி எழுதுவது சிறிய காரியமன்று.

அடுத்த முறை உங்கள் எழுத்தை ஒருவர் திருத்தினால், முதலில் ‘ஏன் மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் அறியாமையால் செய்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்துமிருக்கலாம். அவர் பதில் சொல்லும் வரை கயிற்றை விடாதிருங்கள். எதிர்க் கயிற்றில் நிற்பவரும் அதே வலையைத்தான் இழுக்கிறார்.