கதவு சாத்திய அறைக்குள்



மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டபோது ஊராட்சி மன்றத் தலைவர். அவர் நினைவாகப் பேசும்போது நாற்காலியைப் பற்றிப் பேசாமல் முடியாது.

லப்பைக்குடிக்காட்டை ஒட்டி ஓடும் இதே வெள்ளாறுதான் கீழே புவனகிரி வழியாகக் கடலுக்குப் போகிறது. அந்தப் பக்கத்து ஊராட்சி தெற்குத்திட்டை. 2020இல் அங்கிருந்து வெளிவந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில். தலைவர் ராஜேஸ்வரி தரையில். தேசியக் கொடியேற்றவும் தன்னை விடவில்லை என்றார் அவர். கூட்டம் நடந்தது ஜூலையில். அக்டோபரில் படம் பரவிய பிறகே துணைத் தலைவர் மீதும் ஊராட்சிச் செயலர் மீதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. தலைவர் தரையில் உட்கார்ந்ததைக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இல்லாத மதிப்பு அந்த ஒரு படத்துக்கு இருந்தது.

நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் அலுவலகங்களில் இப்படி ஒருவர் இருப்பார். மேசையைத் தட்டுவார், கோப்பை வீசுவார். “அவர் கொஞ்சம் கோபக்காரர், மனசில் ஒன்றும் இருக்காது” என்பார்கள். மேலதிகாரி முன்னால் அந்தக் கோபம் எங்கே போகிறதோ!

சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் சாதி இழிவைத் தண்டிக்கின்றன, பொதுமக்கள் பார்வையில் நடந்தால். பக்கத்து லால்குடி வழக்கைப் பாருங்கள். பட்டா விஷயமாக வந்தவர் வருவாய் ஆய்வாளரைச் சாதி சொல்லித் திட்டினார் என்பது புகார். நடந்தது அலுவலக நான்கு சுவருக்குள், சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள், ஆகவே இந்தப் பிரிவுகள் பொருந்தாது என்று 2025 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திட்டுகிறவருக்குக் கதவைச் சாத்தத் தெரிந்தால் போதும்.

பாலியல் துன்புறுத்தலுக்கு 2013 சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். யார் பார்த்தார்கள் என்று அந்தச் சட்டம் நிபந்தனை போடவில்லை. சாதி மிரட்டலுக்கு அலுவலகங்களில் அப்படியொரு கட்டாயக் குழு கிடையாது. இதை நாம் கோரிக்கையாக எழுப்பியாக வேண்டும்.

அதுவரை இருப்பதைப் பிடித்துக்கொள்வோம். ஊராட்சிப் பதவியில் இருப்பவரை மிரட்டி வேலை செய்யவிடாமல் தடுத்தால் 3(1)(எம்). அங்கே பொதுப்பார்வை நிபந்தனை இல்லை. வெறும் கொலைமிரட்டல் என்றாலும் பாரதிய நியாய சன்ஹிதா 351 இருக்கிறது. திட்டிய சொல், தேதி, நேரம், அறையில் யார் யார் நின்றார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். பிறகு வந்தவர் வேறு, உடனிருந்து கேட்டவர் வேறு. வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான். பக்கத்து மேசைக்காரர் சாட்சி சொல்லத் தயங்குவார், அவருக்கும் பதவி உயர்வு இருக்கிறது. அவரிடம் போய்ப் பேச வேண்டியது சங்கத்தின் வேலை; அடிபட்டவர் தலையில் அதையும் கட்டாதீர்கள்.

புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். “விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்.” என்று காவல் நிலையத்தில் சொன்னால் 18ஏ பிரிவைக் காட்டுங்கள். முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று அதில் அச்சாகியிருக்கிறது.