கைத்திறனும் கணக்கேடும்



மதுரையை அடுத்த அழகர்மலையில் முனிவர் தங்குவதற்கென அமைந்த குகைத்தளம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் தமிழி எழுத்தில் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் கொடையாளர் பலரைக் குறிப்பிடுகின்றன. உப்பு வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன், பொற்கொல்லன் என அவரவர் செய்த தொழிலே பெயருக்கு முன் அடையாளமாக நிற்கிறது. இவர்கள் அரசர் அல்லர். கையால் செய்தும் கடையில் விற்றும் வாழ்ந்தவர்கள். அவர்களால் கொடை கொடுக்க முடிந்தது என்றால், செலவு போக ஏதோ மிஞ்சியிருக்க வேண்டும். கைத்தொழிலில் அந்த மிச்சம் எப்படி உண்டாகிறது, எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

வந்தவாசிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கோரைப் பாய் புதியதன்று. அதே கோரை தெற்கே தாமிரபரணிக் கரையிலும் விளைகிறது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியில், சேரன்மகாதேவியை அடுத்திருக்கும் பத்தமடை பாய்க்கென்றே பெயர்பெற்ற ஊர். அருகே காருகுறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் கைத்தறி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். ஆற்றைக் கடந்தால் அம்பாசமுத்திரம். அங்கே அரக்கு ஏற்றிய மரச் சொப்புச் சாமான். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்திற்குள் இத்தனை கைத்தொழில்கள் அமைந்த வட்டாரம் தமிழகத்தில் மிகுதியாக இல்லை.

இவ்வூர்களில் திறமைக்குக் குறைவு ஒருநாளும் இருந்ததில்லை. ஆயினும் கைவினைஞர்களின் பிள்ளைகள் பலர் தறியையும் பட்டறையையும் விட்டுக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டனர். நெகிழிப் பாயும் நெகிழிப் பொம்மையும் வந்தது ஒரு காரணம். அதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். சொல்லப்படாத காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பத்தமடைப் பாய் உருவாகும் முறையைச் சற்று விரிவாகப் பார்த்தால் அது விளங்கும். பச்சைக் கோரையை அறுத்து, கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, வெயிலில் உலர்த்துகிறார்கள். உயர்தரப் பாய்க்குரிய கோரையை ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, இன்னும் மெல்லிய இழைகளாகப் பிரிக்க வேண்டும். பிறகு சாயம். அதன்பின் தரையோடு தரையாக அமைந்த தறியில் பாவு கட்டி, ஒவ்வோர் இழையாகக் குச்சியில் கோத்துச் செலுத்தி நெய்ய வேண்டும். பட்டுப்பாய் எனப்படும் மிக நுண்ணிய வகையில் பாவு எண்ணிக்கை 100 முதல் 140 வரை போகும். அத்தகைய பாயைத் துணிபோல் மடித்து வைக்கலாம். பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பப் பெண்களே இதை நெய்கின்றனர். ஒரு பாய் முடியப் பல வாரங்கள் ஆவதும் உண்டு.

இப்போது ஒரு கணக்கு. இது எடுத்துக்காட்டுக் கணக்குத்தான். ஆனால் கைத்தொழில் நடக்கும் எந்த வீட்டிலும் இதன் சாயலைக் காணலாம். ஒரு பெண்மணி 25 நாள் உட்கார்ந்து ஒரு பாய் நெய்கிறார். கோரை, நூல், சாயம் எல்லாம் சேர்ந்து 1,500 ரூபாய். வாசலுக்கு வந்த வியாபாரி 8,000 ரூபாய் தருகிறார். 6,500 ரூபாய் இலாபம் என்று வீடே மகிழ்கிறது. அதை 25 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 260 ரூபாய். அவர் பெற்றது இலாபமன்று, கூலி. அதுவும் குறைந்த கூலி. தொழிலுக்கென்று ஒரு காசும் மிஞ்சவில்லை. தறியின் ஓர் உறுப்பு முறிந்தால் கடன் வாங்க வேண்டும்.

அதே கணக்கை வேறு விதமாகத் தொடங்கலாம். தன் கைக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி என்று முதலிலேயே எழுதிவிட்டால், கூலி 10,000. பொருட்செலவு 1,500. தறிப் பழுது, போக்குவரத்து, கட்டும் துணி ஆகியவற்றுக்கு 500. அடக்கவிலை 12,000 ஆயிற்று. அதன்மேல் பத்தில் ஒரு பங்கு தொழிலின் ஆதாயம், 1,200. ஆக 13,200 ரூபாய்க்குக் கீழே அந்தப் பாய் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது. நகரத்துக் கடைக்காரர் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தமக்கு எடுத்துக்கொள்வாரானால், கடையில் அதன் விலை 19,800 இருக்க வேண்டும். இத்தொகையைக் கேட்டு மலைப்பவர் உண்டு. அந்த விலைக்கு வாங்குவோரைத் தேட வேண்டும், அல்லது நாளைக் குறைக்கும் வகையில் வடிவத்தை எளிதாக்க வேண்டும். இரண்டுமே முடியாதென்றால் அந்தப் பாயை நெய்யாமல் இருப்பதே நன்று. 8,000 ரூபாய்க்கு நெய்து கொடுப்பது மட்டும் வழியாகாது.

கணக்கேடு என்றதும் பெரிய பேரேடு வேண்டுமென்று எண்ணுகிறார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எந்த நாளில் வேலை தொடங்கியது, அன்று எத்தனை மணி நேரம், எவ்வளவு பொருள் செலவு, எது கழிவாயிற்று, யாருக்கு என்ன விலைக்குப் போயிற்று, பணம் எந்த நாள் வந்தது. விளக்கு வைத்தபின் ஐந்து நிமிடம் எழுதினால் முடிந்தது. கைவேலை செய்பவர்கள் இதைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் சோம்பல் அன்று. நாள் முழுதும் உழைத்த கை, எழுதுவதை வேலையாகக் கருதுவதில்லை. வீட்டுப் பெண்கள் சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவே நெய்வதால், அந்த நேரம் நேரமாகவே கணக்கில் வருவதில்லை. இந்த இரண்டாவது பிழையே பெரிது. அடுப்படிக்கும் தறிக்கும் இடையே பிய்த்துப் பிய்த்துக் கொடுத்த மணி நேரமும் கூலிக்கு உரிய நேரமே.

நுண்பாயை மட்டும் நம்பிய குடும்பமும் தடுமாறுகிறது. அதை வாங்குவோர் சிலர். வரும் நாளும் நிச்சயமில்லை. அன்றாடம் விற்கும் சாதாரணப் பாய், மேசை விரிப்பு, கைப்பை போன்றவை அடுப்பை எரியவைக்க, நுண்பாய் பெயரைக் காக்கும். ஆனால் இரண்டையும் ஒரே குவியலில் வைத்து விற்கக் கூடாது. அப்படி வைத்தால் வாங்குபவர் மலிவானதன் விலையைக் கொண்டே மேலானதையும் பேரம் பேசுவார். தரம் பிரித்து, தரத்தின் பெயரை எழுதிக் கட்டி, விலையையும் எழுதித் தொங்கவிடும் பழக்கம் பேச்சில் தேர்ச்சியில்லாத நெசவாளிக்குப் பெருந்துணை.

பத்தமடையில் திருமணப் பாய் என்ற வழக்கம் உண்டு. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். இதைவிட அழகிய மணப்பரிசு வேறில்லை என்றே சொல்லலாம். தொழில் நோக்கில் பார்த்தால் இதைவிட ஆபத்தான சரக்கும் இல்லை. நெய்தபின் வேண்டாமென்றால், வேறெந்த மணமக்கள் அதை வாங்குவார்கள்? ஆகவே பெயர் பொறிக்கும் வேலையில் பாதித் தொகையாவது முன்பணமாக வாங்காமல் பாவு கட்டலாகாது. எழுத்துப் பிழை நேராதிருக்கப் பெயரை வாங்குபவர் கையாலேயே எழுதி வாங்குவதும், ஒப்படைக்கும் நாளைத் திருமணத்திற்குப் பத்து நாள் முன்னதாகக் குறித்துக்கொள்வதும் நல்ல பழக்கங்கள். முன்பணம் கேட்பது அவமதிப்பு என்று கருதும் கூச்சத்தால் நட்டப்பட்டவர் பலர்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புக்கு வந்தால் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, அடுப்பு, குடம் என்று ஒரு சமையலறையே உள்ளங்கையளவில் வந்துவிடும். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. தாழை ஓலை கொண்டு தேய்த்தால் மெருகு வருகிறது. பார்ப்பதற்கு விளையாட்டுப்போல் இருக்கும்; கைப்பதம் வர ஆண்டுகள் ஆகும். முன்னாளில் மஞ்சள் கடம்பு போன்ற மரங்களைக் கடைந்தார்கள். இன்று கிடைக்கும் மரத்தைக் கொண்டே தொழில் நடக்கிறது.

இங்கே முதலில் வேண்டுவது பொறுமை. ஈரம் போகாத மரத்தைக் கடைந்தால், கடைந்த அன்று குறை தெரியாது. வாங்கியவர் வீட்டில், அடுத்த கோடையில் விரிசல் விடும். மரத்தை முன்கூட்டியே வாங்கி, நிழலில் அடுக்கி, மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். அதற்குக் கையில் முதல் வேண்டும். அந்த முதல் இல்லாதவர் மொத்த வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். வாங்கியபின் விலையை வியாபாரியே வைக்கிறார். ஆகவே நல்ல விற்பனை நடக்கும் குற்றாலச் சாரல் மாதங்களிலும் திருவிழா நாட்களிலும் வந்த பணத்தில் ஒரு பகுதியை மரத்துக்கென ஒதுக்குவது, சொப்புத் தொழிலில் மற்றெல்லாப் பழக்கங்களுக்கும் வேர் போன்றது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோரையும் உலராது, அப்பளமும் காயாது. மழை மாதச் செலவை வெயில் மாதத்திலேயே எடுத்து வைப்பது இவ்வட்டாரத்தார் அனைவருக்கும் பொது.

சொப்பில் இன்னொரு சிறு உண்மை உண்டு. குழந்தைகள் உலக்கையைத் தொலைத்துவிடுவார்கள். ஒரு செட்டில் ஓர் உருப்படி போனதும் மீதி மூலையில் கிடக்கும். எல்லாச் செட்டும் ஒரே அளவுக் கருவியை வைத்துக் கடையப்பட்டிருந்தால், தொலைந்த உலக்கையை மட்டும் தனியே அனுப்பலாம். அதன் விலை அற்பம். ஆனால் அந்தத் தாய் அடுத்த வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு எங்கே வாங்குவார் என்பதில் ஐயமில்லை.

காகித வேலையைப் பலரும் வெறுக்கிறார்கள். ஆனால் அதில் பணம் இருக்கிறது. 2021 சனவரி முதல் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு அளித்தார்கள். பதிவு அட்டை இல்லாதவர் அந்த விலக்கைக் கேட்க இயலாது. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றுப் பத்தாண்டுக்கு மேலாகிறது. அம்பாசமுத்திரச் சொப்புச் சாமானுக்கும் அண்மையில் அது கிடைத்துள்ளது. குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டதால் தனக்கும் கிடைத்துவிட்டதென்று ஒவ்வொருவரும் எண்ணிவிடக் கூடாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, செய்பவர் தாமும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டால்தான் அந்த உரிமை முழுமையாக அவர் கைக்கு வரும். உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு, சரக்கு வாங்கிய நிறுவனம் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பில் எழுதாமல், தேதி போடாமல் சரக்கை அனுப்பியவர் எதை வைத்துக் கேட்பார்? 1973இல் தொடங்கப்பட்ட பூம்புகார் நிறுவனத்தின் விற்பனை நிலையங்களும், மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டக் கடனும் மானியமும்கூட, ஆவணம் ஒழுங்காக இருப்பவரையே முதலில் சென்றடைகின்றன.

இந்த அவையில் கைவினைஞர்களைவிட வாங்குபவர்களே மிகுதி. அவர்களிடமும் ஒரு கணக்கு உண்டு. திருமண மண்டபத்துக்கு ஓராண்டு முன்பே முன்பணம் கட்டும் குடும்பம், மணமக்கள் பெயர் நெய்த பாயை இருபது நாளில் வேண்டும் என்று கேட்கிறது. விலையைச் சொன்னதும், சந்தையில் பாய் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்கிறது. தைத் திங்களில் திருமணம் வைத்திருக்கும் வீட்டார், அடைமழைக்கு முன், புரட்டாசிக்குள் பெயர்களை எழுதி, பாதித் தொகையுடன் அனுப்பிவிட்டால், கோரை வெயிலில் உலர்ந்திருக்கும். பாயும் நாள் தவறாமல் வந்து சேரும்.