களம் புகுதலும் தலைமை ஏற்றலும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் பேச வந்தால், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் இன்று ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். காரணத்தை இறுதியில் கூறுவோம்.

நம் ராயபுரத்துப் பனியன் கம்பெனிகளில் கைமடி என்றொரு வேலை உண்டு. டெய்லருக்குத் துண்டுகளை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை வாங்கி மடித்து அடுக்குவதும் கைமடியின் பணி. அவன் இல்லாவிடில் மெஷின் ஓடாது. ஆனால் மெஷின் அவனுடையதன்று. கைமடியாகச் சேர்ந்த பையன் எப்போது பவர் டேபிளில் உட்காருவான் என்பதே அவன் வாழ்க்கையின் பெரிய கேள்வி. நாம் கூறப்போகும் வீரரும் தம் வாழ்வைக் கைமடியாகவே தொடங்கியவர்.

அவர் பெயர் பல்வங்கர் பாலு. 1876-ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தவர். முன்னோர் கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். தோல் தொழில் செய்வோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சாமர் குலம். தந்தையார் இராணுவத்தில் பணி செய்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் பூனாவில் கிரிக்கெட் பழகினர். பார்சிகளின் மைதானம் ஒன்றைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை பாலுவுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர் 1892-ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பியரின் பூனா கிளப்பில் சேர்ந்தார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவதும், ஆடுகளத்திற்குக் கோடு போடுவதும், ஓய்ந்த நேரத்தில் துரைமார்களுக்குப் பந்து வீசுவதும் அவருடைய கடமைகள்.

அக்காலத்தில் பூனாவில் கிரெய்க் என்ற சிறந்த மட்டையாளர் இருந்தார். தம்மை ஒவ்வொரு முறை ஆட்டமிழக்கச் செய்வதற்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. பாலு இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுவார். பலநூறு மணி நேரம் அவ்வாறு வீசியே அவர் வித்தை கூர்மை பெற்றது. ஆனால் அத்தனை நாளிலும் ஒருமுறையேனும் அவர் கையில் மட்டை தரப்படவில்லை என்று வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா எழுதுகிறார். மாணவர்களே, இதனை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பந்து வீசுவது பணியாளன் வேலை. மட்டை பிடிப்பது எசமானன் உரிமை. திறமை வேண்டப்பட்டது, திறமையாளன் வேண்டப்படவில்லை.

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். பாலு இன்றி வெல்லவியலாது என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். ஆயினும் அவரைச் சேர்ப்பதா என்று அணிக்குள் வழக்காடினர். முடிவில் சேர்த்துக் கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளையில் மட்டும் அவருக்கு மண் குவளையில், கூடாரத்திற்கு வெளியே தேநீர் தரப்பட்டது. உணவும் தனியே. முகம் கழுவ ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றவும் தாழ்த்தப்பட்ட பணியாள் ஒருவரே வந்தார்.

கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. அதைத் தொடுவதில் எவருக்கும் தீட்டில்லை. நம் கொங்கு நாட்டுப் பெரியவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தில், நம் முன்னோர் தைத்துக் கொடுத்த தோற்பறி ஊர்க் கிணற்றுக்குள் நாள்தோறும் இறங்கி ஏறியது. தைத்தவர் மட்டும் அக்கிணற்றில் இறங்கக் கூடாதென்றார்கள்.

நமக்கும் ஒரு நினைவு உண்டு. மாணவப் பருவத்தில் ஓர் ஊர்ப் பந்தயத்தில் விக்கெட் கீப்பர் இல்லையென்று நம்மை அழைத்துச் சென்றனர். கையுறை ஒன்றுதான் இருந்தது. இரு பந்துகளைப் பிடித்து இருவரை ஆட்டமிழக்கச் செய்தோம். எல்லோரும் தோளில் தட்டிக் கொடுத்தனர். இடைவேளையில் அவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் வந்தது. நமக்கு மட்டும் உயரத்திலிருந்து கையில் ஊற்றினர். இரு கைகளையும் ஏந்திக் குடித்துவிட்டு, மீண்டும் விக்கெட்டுக்குப் பின்னால் போய் நின்றோம். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அன்று கேளாமல் விட்டதுதான் இன்று நம்மைப் பேச வைக்கிறது.

மீண்டும் பாலுவிடம் வருவோம். பூனாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில் அவர் பம்பாய் சென்றார். அங்கே இந்து ஜிம்கானாவிலும் எதிர்ப்புக்குப் பின்னரே இடம் கிடைத்தது. 1906-ஆம் ஆண்டு பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றது. பாலுவும் சிவராமும் அவ்வணியில் ஆடினர். 1911-ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. தோள் வலியோடு பந்து வீசிய பாலு மட்டும் அப்பயணத்தில் மொத்தம் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தாயகம் திரும்பியதும் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு விழா எடுத்தனர். அவ்விழாவின் வரவேற்பு மடலில் கல்லூரி மாணவராய் இருந்த அண்ணல் அம்பேத்கருக்குப் பங்கிருந்தது என்பதையும் குகா குறிப்பிடுகிறார்.

இவ்வளவு பெருமைக்குப் பின்னரும் ஒன்று மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. அதுவே அணித் தலைமை. ஆண்டுதோறும் அவரைவிட இளையவர்கள், அவரைவிடக் குறைந்தவர்கள் தலைவராயினர். 1913-இல் தலைவரான எம். டி. பை என்பவர், இப்பெருமை மூத்தவரான என் நண்பர் பாலுவுக்கே உரியதாயிருந்திருக்க வேண்டும் என்ற கருத்தில் வெளிப்படையாகவே பேசினார். 1920-ஆம் ஆண்டு பாலுவை அணியிலிருந்தே நீக்கினர். அணியிலிருந்த தம்பியர் சிவராமும் விட்டலும் என்ன செய்தனர்? காரணத்தைப் பொதுமக்கள் அறிய எழுதிவிட்டு, ஆடமாட்டோம் என்று விலகினர். சாதியின் பெயரால் எங்களைத் தாழ்த்தும் இடத்தில் எங்கள் திறமையும் இராது என்பதே அதன் பொருள். அவ்விலகல் பயன் தந்தது. பாலு துணைத் தலைவராக அழைக்கப்பட்டார். தலைவர் பை தாமே களத்தை விட்டு வெளியேறி, பாலு அணியை நடத்த வழிவிட்டார். அப்போது பாலுவுக்கு வயது நாற்பத்து நான்கு. 1923-ஆம் ஆண்டு விட்டல் இந்துக்கள் அணியின் முழுத் தலைவரானார். அவ்வாண்டுக் கோப்பையையும் வென்றார்.

இதே கதை கடலுக்கு அப்பாலும் நடந்திருக்கிறது. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் கேட்சர் என்றொருவர் உண்டு. நம் விக்கெட் கீப்பரைப் போன்று மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருப்பவர். ஆனால் பந்தைப் பிடிப்பதோடு அவர் பணி முடிவதில்லை. எந்தப் பந்தை வீசுவது என்று விரல்களால் சைகை காட்டி வீச்சாளரை நடத்துபவரும் அவரே.

1884-ஆம் ஆண்டு டொலிடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் கேட்சராக ஆடினார். கல்லூரியில் பயின்றவர். அவ்வணியின் வெள்ளை வீச்சாளர் ஒருவர், ஒரு கறுப்பர் காட்டும் சைகைக்கு நான் கட்டுப்படுவதா என்று, சைகையைப் பாராமலே தம் விருப்பப்படி பந்து வீசினார். பிற்காலத்தில் அதனை அவரே ஒப்புக்கொண்டார். அதனால் அடிபட்டவை வாக்கரின் கைகளே. அதன்பின் கறுப்பின மக்களுக்குப் பெரிய லீகுகளின் கதவு அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்தது. அவர்கள் தமக்கெனத் தனி லீகுகளை அமைத்து ஆடினர். அவற்றில் ஒப்பற்ற கேட்சராகத் திகழ்ந்த ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரியில், தம் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். மூன்றே மாதங்களில், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கித் தடையை உடைத்தார். 2024-ஆம் ஆண்டில்தான் கறுப்பின லீகுகளின் கணக்குகள் பெரிய லீகின் ஏட்டில் சேர்க்கப்பட்டன. அன்று கிப்சனின் மட்டைச் சராசரியே அனைவரினும் உயர்ந்ததென்று பதிவாயிற்று. கணக்கு நேரானது, கணக்குக்குரியவர் எழுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்.

அடுத்து வந்தவர் ராய் கேம்பனெல்லா. 1921-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே கூலிக்கு ஆடத் தொடங்கினார். கறுப்பின லீகில் பிஸ் மேக்கி என்ற மூத்த கேட்சரிடம் தொழில் பயின்றார். 1946-இல் புரூக்ளின் நிர்வாகம் அவரை ஒப்பந்தம் செய்து, நாஷுவா என்ற சிற்றூர் அணிக்கு அனுப்பியது. அங்கே ஒரு நாள், நடுவரோடு சச்சரவிட்ட அணி மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் வெளியேற்றப்பட்டார். போகுமுன் அவர் பொறுப்பைக் கேம்பனெல்லாவிடம் ஒப்படைத்தார். கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரும் ஆடிய தொழில்முறை அணியை நடத்தினார், அணி வென்றது. பாலு அணியை நடத்திய நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே எவ்வளவு ஒற்றுமை!

1948-இல் கேம்பனெல்லா பெரிய லீகை அடைந்தார். முதன்மைக் கேட்சராகி, வெள்ளை வீச்சாளர்களுக்கு அவரே சைகை காட்டினார். அவர்களும் அதன்படி வீசினர். 1951, 1953, 1955 ஆகிய மூன்றாண்டுகளில் தம் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் என்ற விருதைப் பெற்றார். வாக்கரின் சைகை புறக்கணிக்கப்பட்ட நாளுக்கும், கேம்பனெல்லாவின் சைகை ஏற்கப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட தொலைவே சமத்துவத்தின் தொலைவு என்று நாம் கருதுகிறோம்.

பாலுவின் பிற்காலத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். 1932-ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் அண்ணல் அம்பேத்கர், நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசன், எம். சி. இராஜா ஆகியோரோடு பாலுவும் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணலையே எதிர்த்து நின்று தோற்றார். இதற்காக அவரைக் கைவிட்டுவிட வேண்டுவதில்லை. நம் முன்னோடிகளும் தம்முள் வேறுபட்டு வழக்காடியவர்களே. வேறுபடும் உரிமையும் விடுதலையின் ஒரு பகுதிதான். 1955-இல் பாலு மறைந்தார்.

இனி, இவற்றை ஏன் இங்கே கூறினோம் என்பதைச் சொல்லி முடிக்கிறோம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளை வாயிலுக்குள் நுழையச் செய்ய உழைத்தது. பள்ளிக்குள், கல்லூரிக்குள், அலுவலகத்திற்குள் நுழைய வைத்தது. இது சிறிய காரியமன்று. ஆனால் நுழைவு பாதி வழிதான். உள்ளே சென்ற பின் நம் பிள்ளை வாழ்நாளெல்லாம் பந்து வீசிக் கொடுப்பவனாகவே இருப்பானா, அவன் கைக்கு மட்டை வருமா, அவன் சைகைக்குப் பிறர் செவிசாய்ப்பார்களா என்பது மீதி வழி.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது: எட்டாம் வகுப்போடு கைமடி வேலைக்குப் போகும் ஒவ்வொரு பையனையும், ஒவ்வொரு பெண் பிள்ளையையும் வீடு தேடிச் சென்று பள்ளிக்கு மீட்க வேண்டும். வாரக் கூலி அவ்வீட்டிற்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாம் அறிவோம். எனவே வெறுங்கையோடு அறிவுரை கூறாமல், உதவித்தொகையோடு செல்ல வேண்டும். இரண்டாவது: சங்கக் கட்டடத்தின் பின்புறம் உள்ள வெற்றிடத்தில் மேலும் தனிப்பயிற்சி அறைகள் கட்டலாம் என்ற யோசனை நிலவுகிறது. ஆசிரியராகிய நாமே அதனை மறுக்கிறோம். அவ்விடம் பிள்ளைகளின் ஆடுகளமாகவே இருக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கும் அது உரியதாகட்டும். பாலுவுக்கு மைதானம் கிடைத்தது, அதைப் பெருக்கும் வேலையால். நம் பிள்ளைகளுக்கு அது உரிமையாய்க் கிடைக்கட்டும். மூன்றாவது: நம் மாலைநேர வகுப்புகளையும் நூலகத்தையும் நடத்தும் பொறுப்பை மாணவர்களிடமே ஆண்டுதோறும் முறைவைத்து ஒப்படைக்க வேண்டும். தவறு செய்வார்கள். செய்யட்டும். தலைமை என்பது புத்தகத்தில் படித்து வருவதன்று. கையில் கொடுத்தால் வருவது.

மாணவச் செல்வங்களே, எங்கேனும் உங்கள் திறமையை மட்டும் வாங்கிக்கொண்டு உங்களைப் புறத்தே நிறுத்துவார்களானால், அன்று நாம் செய்ததைப் போல் கைகளை ஏந்தி நின்றுவிடாதீர்கள். சிவராமும் விட்டலும் செய்ததைப் போல், அமைதியாக, பலரறியக் காரணம் கேளுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவதற்கே இச்சங்கம் தோன்றியது. அது பொன்விழாக் காணும் நாளில், இம்மேடையில் தலைமை தாங்குபவர் இன்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையாக இருக்கட்டும்.