வெட்டிப் போட்ட கால் மணி நேரம்: ஒரு ஆல்பம், ரெண்டு ஏக்கம்

இன்னைக்கு 1974-ல இங்கிலாந்துல வந்த ஒரு ஆல்பத்தைப் பத்திப் பேசப் போறோம். ரிக் வேக்மனோட ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’. பேரைக் கேட்டதும் ஜூல்ஸ் வெர்ன் நாவல் ஞாபகம் வந்துச்சுன்னா, ஆமா, அதே கதைதான். பேராசிரியர் லீடன்ப்ராக், அவரோட உறவுக்காரப் பையன் ஆக்ஸல், வழிகாட்டி ஹான்ஸ், இந்த மூணு பேரும் ஐஸ்லாந்துல ஒரு எரிமலை வாய் வழியா பூமிக்குள்ள இறங்கி, கடைசியில இத்தாலியில இன்னொரு எரிமலை வழியா வெளிய வந்து விழுவாங்க. 1864-ல வந்த நாவல் அது.

இந்த ஆல்பம் வந்தப்போ எங்கப்பாவே ஸ்கூல் பையன். அதனால எனக்கு இதோட பழைய ஞாபகம்னு எதுவும் கிடையாது. ஆனா இதைக் கேட்டு வளர்ந்தவங்க இன்னமும் இதை நினைச்சு உருகறாங்க. அந்த ஏக்கம் எதுக்கானதுங்கிறதுதான் என்னோட கேள்வி. ஏன்னா இதே ஆல்பத்தோட பெரிய, முழுமையான பதிப்பு ஒண்ணு 2012-ல வந்துடுச்சு. சவுண்டும் அதுலதான் தெளிவு. அப்படியும் பழைய ரசிகர்கள் பல பேர் திரும்பிப் போறது 1974 ரெக்கார்டுக்குத்தான். ஏன்?

முதல்ல ஆளைப் பத்திச் சொல்லிடறேன். வேக்மன், ‘யெஸ்’ங்கிற ப்ரோக்ரஸிவ் ராக் பேண்டோட கீபோர்டு கலைஞர். மூணு நிமிஷப் பாட்டு, நாலு வரி கோரஸ்ங்கிற கணக்கை உடைச்சு, இருபது நிமிஷத்துக்கு ஒரே பாட்டுனு வாசிச்ச கூட்டம் அது. வேக்மன் மேடைக்கு வந்தா பளபளனு நீளமா ஒரு அங்கி, சுத்தி அடுக்கி வெச்ச கீபோர்டுகள். மினிமூக், மெலோட்ரான், ஹாமண்ட் ஆர்கன்னு ஒரு கடையே வெச்சிருப்பாரு.

அவருக்கு இந்தக் கதையை ராக் பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர், கதைசொல்லி எல்லாரையும் சேர்த்து ஒரே படைப்பா பண்ணணும்னு ஆசை. ஆனா ஸ்டூடியோவுல ஒரு ஆர்கெஸ்ட்ராவை நாள் கணக்கா உட்கார வெச்சா செலவு கட்டுப்படியாகாது. அதனால ஒரு கச்சேரியா நடத்தி, அதையே ரெக்கார்டு பண்ணிடலாம்னு முடிவு பண்ணாரு. பணத்துக்கு வீட்டை அடமானம் வெச்சாரு. அப்போ அவருக்கு வயசு 24.

1974 ஜனவரி 18, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, இங்லிஷ் சேம்பர் கொயர், நடத்தினவர் டேவிட் மீஷம். கதை சொன்னது ‘ப்ளோ-அப்’ படத்துல நடிச்ச டேவிட் ஹெம்மிங்ஸ். பாடினது ஆஷ்லி ஹோல்ட், கேரி பிக்ஃபோர்ட்-ஹாப்கின்ஸ். பேண்டுல இருந்தவங்க யாரும் நட்சத்திரங்கள் இல்ல. வேக்மன் பப்ல சேர்ந்து வாசிச்சுட்டிருந்த நண்பர்கள். உலகத்தோட பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள்ல ஒண்ணு பின்னாடி உட்கார்ந்திருக்க, முன்னாடி பப் பேண்ட். யோசிச்சுப் பாருங்க.

இதுல நாம கவனிக்க வேண்டிய விஷயம் நேரம். வேக்மன் மனசுல இருந்த முழுப் படைப்பு கிட்டத்தட்ட 55 நிமிஷம். ஆனா வினைல் ரெக்கார்டுல ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல போனா, பள்ளங்களை நெருக்கி வெட்டணும், சத்தம் பலவீனமாயிடும். ரெண்டு பக்கமும் சேர்ந்தா 40 நிமிஷம். அதுக்குள்ள அடங்கறதுக்காக மிச்ச கால் மணி நேரத்தை அவரே வெட்டினாரு. நம்ம வேலையில ரிலீஸ் தேதிக்காக நல்ல ஃபீச்சரைத் தூக்கிக் கடாசற மாதிரிதான். வலிக்கும், ஆனா வேற வழியில்ல.

ரெக்கார்டு கம்பெனியோட லண்டன் ஆபீஸுக்கு இது பிடிக்கல. அமெரிக்காவுல இருந்த கம்பெனித் தலைவர் ஜெர்ரி மாஸ் கேட்டுட்டு, வெளியிடுங்கன்னாரு. 1974 மே மாசம் வெளிய வந்து, பிரிட்டன்ல முதலிடம், அமெரிக்காவுல மூணாமிடம். வேக்மன் ‘யெஸ்’ஸை விட்டு விலகினாரு. அந்தக் கோடையில லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல, ஏரியில காத்தடைச்ச ராட்சத டைனோசர்களை மிதக்க விட்டு இதையே திரும்ப வாசிச்சாரு. கொஞ்ச நாள்ல இதயக் கோளாறோட ஆஸ்பத்திரியில படுத்தாரு. வயசு 25 மக்களே!

அப்புறம்தான் ஒரு இன்ஜினியரா எனக்கு வயித்தைக் கலக்கற பகுதி. ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதின நோட்ஸ் எல்லாம் இருந்த கம்பெனி, 80-களோட தொடக்கத்துல திவாலாயிடுச்சு. நோட்ஸ் எங்க போச்சுன்னே தெரியல. அதாவது சோர்ஸ் கோடு காலி, ஓடிட்டிருக்கிற பைனரி மட்டும் மிச்சம். ஆல்பத்தைக் கேட்கலாம், ஆனா அந்த நோட்ஸை விரிச்சு வெச்சு இன்னொரு தடவை வாசிக்க முடியாது. வெட்டின கால் மணி நேரமும் அதோட சேர்ந்து போச்சு.

பல வருஷம் கழிச்சு, 2000-கள் முடியற சமயத்துல, வேக்மன் கைக்கு வந்த ஒரு பெட்டிக்குள்ள கண்டக்டரோட ஸ்கோர் கிடைச்சுது. ஈரம் ஏறி, தாள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. அதைப் பிரிச்சு, படிச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தி மறுபடி உருவாக்கினவர் கை ப்ரோதரோ. 2012-ல வெட்டின பகுதிகளையும் சேர்த்து ஸ்டூடியோவுல முழுசா ரெக்கார்டு பண்ணாங்க. ஹெம்மிங்ஸ் 2003-லயே இறந்துட்டாரு. அதனால கதை சொன்னவர் பீட்டர் ஈகன். ஆஷ்லி ஹோல்ட் மட்டும் பழைய ஆளா திரும்ப வந்து பாடினாரு.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். முழுசா, தெளிவா ஒண்ணு கையில இருக்கும்போது, பழசையே தேடறது வெறும் பிடிவாதமா? நான் அப்படி நினைக்கல. இங்க ரெண்டு ஏக்கம் இருக்கு, ரெண்டும் எதிரெதிர் திசையில போகுது.

ரசிகரோட ஏக்கம், தான் கேட்டது மேல. அவருக்கு ஹெம்மிங்ஸ் குரல்தான் அந்தக் கதை. முதல் பக்கம் முடிஞ்சு எழுந்து போய் ரெக்கார்டைத் திருப்பிப் போடற அந்த இடைவெளியும் கதையில ஒரு பகுதி. திருப்பினதும் கடல் பிராணிகளோட சண்டை ஆரம்பிக்கும்னு அவர் உடம்புக்கே தெரியும். அங்க ஒரு நிமிஷம் புதுசா சேர்த்தாலும், தெரிஞ்ச வீட்டுல யாரோ சுவர் எழுப்பின மாதிரி முட்டிக்குவாரு. கூடவே, அந்த ரெக்கார்டுல ஒரு பயம் கேட்குது. ஆர்கெஸ்ட்ராவும் பேண்டும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுடாம ஓடற பதற்றம். அடமானத்துல வீடு. ஸ்டூடியோ மாதிரி நூறு டேக் போக முடியாது. 2012 பதிப்புல அந்தப் பயம் இல்ல, இருக்கவும் வழியில்ல.

படைச்சவரோட ஏக்கம் வேற. யாருமே கேட்காதது மேல. 38 வருஷமா உலகம் கைதட்டினது அவர் சுருக்கினதுக்குத்தான். தான் நினைச்ச வேலை இது இல்லன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். ரசிகருக்கு 2012 பதிப்பு எக்ஸ்ட்ரா, அவருக்கு அது பாக்கி.

இதுல யார் பக்கம் நியாயம்னு கேட்டா, நான் ரெண்டு பேரையும் விட்டுத்தர மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். பெட்டி கிடைச்சப்போ அந்த ஈரத் தாளை ஒவ்வொண்ணா பிரிக்கிற பாட்டைப் படறதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சுன்னா, அதைக் கேட்க ஆள் இன்னும் இருந்தாங்கங்கிறதாலதான். சுருக்கின 40 நிமிஷத்தைப் பிடிச்சுக்கிட்டே இருந்த ரசிகர்களாலதான் மிச்ச கால் மணி நேரம் வெளிய வந்துச்சு. எதிரெதிரா போன ரெண்டு ஏக்கமும் சந்திச்ச இடம் அதுதான்.

சரி, உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். முதல்ல 1974 பதிப்பு. ஷஃபிள் ஆஃப் பண்ணிடுங்க, முழு 40 நிமிஷம், போனைக் கவுத்து வெச்சுட்டு. நடுவுல எழுந்து தண்ணி குடிச்சுட்டு வாங்க, அதுதான் உங்க ரெக்கார்டு திருப்பற நேரம். ஒரு வாரம் கழிச்சு 2012-ஐக் கேளுங்க. புதுசா ஒரு பகுதி வர்ற இடத்துல ‘இது எங்க இருந்து வந்துச்சு?’னு உங்களுக்கு எரிச்சல் வந்தா, வாழ்த்துகள், ஒரே வாரத்துல நீங்களும் பழைய ரசிகர் ஆயிட்டீங்க. எந்த இடத்துல அந்த எரிச்சல் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.