மருந்தும் மூச்சும்

கார்த்திகை மாதம் என்றால் திருவண்ணாமலை மலையுச்சியின் தீபம் எல்லோருக்கும் நினைவு வரும். இவ்வூரில் மருத்துவத் தொழில் செய்யும் எனக்கோ அதனுடன் இருமலும் சேர்ந்தே நினைவு வருகிறது. மழையும் பனியும் மக்கட் கூட்டமும் ஒன்றுசேரும் அந்நாட்களில் சுரம் வீட்டுக்கு வீடு நுழைந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய ஒரு நாளில், பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். காய்ச்சல், வறட்டு இருமல், உடல் அசதி. ஊரில் பலருக்கும் இன்ஃபுளுயன்சா கண்டிருந்த சமயம். இவருக்கும் அதுவே என்று கருதி, ஒசெல்டாமிவிர் என்னும் மருந்தை நாளுக்கு இருவேளையாக 5 நாட்களுக்கு எழுதிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் அவர் மகன் பதறி ஓடிவந்தார். "டாக்டர் ஐயா, நீங்கள் கொடுத்த மருந்து அம்மாவின் நெஞ்சையே கெடுத்துவிட்டது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது" என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். இரு நுரையீரல்களிலும் மூட்டம் போட்டாற்போல் வெண்மை படர்ந்திருந்தது.

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்கள் அழற்சியால் தடித்துவிட்டால், பிராணவாயு இரத்தத்தில் கலப்பது குறைந்துபோகும். இன்ஃபுளுயன்சாக் கிருமியே இவ்வழற்சியை உண்டாக்கலாம். அதன்பின் வரும் பிற கிருமிகளும் உண்டாக்கலாம். சிலருக்கு மருந்தும் காரணமாகலாம். ஆனால் ஒசெல்டாமிவிர் பெரும்பாலும் தருவது குமட்டலும் வாந்தியுமே. அதே நோய்க்கு உறிஞ்சும் பொடியாக வரும் சனாமிவிர், மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். ஆகவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று.

அப்படியானால் இங்கே குற்றவாளி யார்? "வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள்" என்றேன். ஒரு மஞ்சள் பை வந்தது. அதனுள் மூட்டு வாதத்திற்காக வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இருந்தது. "அது முட்டிக்குப் போடுவது ஐயா, சுரத்துக்கு இல்லையே" என்றார் மூதாட்டி. பலருக்கு நன்மை செய்யும் அம்மருந்து, சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அதுவும் காய்ச்சலும் வறட்டு இருமலுமாகவே தொடங்கும்!

பரிசோதனைகளில் கிருமி எதுவும் தென்படவில்லை. மாத்திரையை நிறுத்தி, மருத்துவமனையில் சேர்த்து, பிராணவாயுவும் ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்தோம். சில வாரங்களில் அவர் தேறினார். மகன் சந்தேகித்த மருந்து குற்றமற்றது. அந்த மஞ்சள் பையைப் பற்றி முதல் நாளே கேளாதது என் பிழை.

மூலிகை மருந்தென்றால் தீங்கில்லை என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. ஜப்பானில் கல்லீரல் நோய்க்குப் பெரிதும் வழங்கிய மூலிகைக் கூட்டு மருந்து ஒன்றால், இன்டர்ஃபெரான் என்னும் கிருமி எதிர்ப்பு மருந்துடன் சேர்ந்தபோதும் தனித்தபோதும், நுரையீரல் அழற்சி கண்டு சிலர் இறந்தனர். 1996ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அவசர எச்சரிக்கை விடுத்தது.

ஆகவே நேயர்களே, மருந்துக்கு அஞ்சி அதனை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருந்தை நம்பி மூச்சுத் திணறலைப் பொறுத்துக்கொண்டும் இராதீர்கள். இரண்டும் ஆபத்தே. மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவரை நாடுங்கள். செல்லும்போது ஆங்கில மருந்து, சித்த மருந்து, கைமருந்து அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் தீய விளைவுகளைப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஒரு திட்டம் நடைபெறுகிறது. நோயாளிகளும் அதற்குத் தெரிவிக்கலாம்.

அந்த மூதாட்டி இன்றும் பூக்கட்டுகிறார். என்னைக் காண வரும்போதெல்லாம், நான் கேட்குமுன்பே மஞ்சள் பையை மேசைமேல் வைத்துவிடுகிறார்.