விடுதலை வீட்டுக்குள் வந்ததா?



ஒரு நாடு அடிமைத்தளை நீங்கியதும், அந்நியன் நமக்கு இழைத்தது என்ன என்று அந்நாட்டு இலக்கியம் கேட்கிறது. நமக்குள் நாமே இழைத்துக்கொள்வது என்ன என்ற கேள்வி பிறகே எழுகிறது. ஆப்பிரிக்க நாவலில் இவ்விரண்டாம் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர்களுள் பெண்கள் முன்னிற்கிறார்கள்.

சினுவா அச்சிபே 1958-இல் எழுதிய நாவல் வெள்ளையர் வருகையால் குலைந்த இக்போ சிற்றூரை ஒகொன்க்வோ என்னும் ஆண்மகனின் வீழ்ச்சி வழியே காட்டிற்று. 1966-இல் அதே இனத்து எழுத்தாளர் ஃபுளோரா ந்வாப்பா, 'எஃபுரு'வில் வாணிபத்தில் வல்ல ஒரு பெண்ணை நடுவே நிறுத்தினார். அவளுடைய திறமையைவிட அவள் மடியில் மகவு இல்லாமையே ஊருக்குப் பெரிதாகப்பட்டது!

1979-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. நைஜீரியாவின் புச்சி எமெச்செட்டா, 'தாய்மையின் இன்பங்கள்' என்று பொருள்படும் நாவலில், லாகோஸ் நகரில் சில்லறை வாணிபம் செய்து மக்களைப் படிக்கவைத்த நூ எகோவைப் படைத்தார். அவள் ஆதரவின்றி வழியோரத்தில் இறக்கிறாள். பிள்ளைகளோ ஆடம்பரமாக ஈமச்சடங்கு நடத்துகிறார்கள். செனெகலின் மரியாமா பா எழுதிய நெடுங்கடித நாவலில், கணவன் இரண்டாம் மனைவியாக மகளின் தோழியையே மணக்கிறான். அவ்வாறு வஞ்சிக்கப்பட்ட ரமதுலாயி, அவன் மறைவுக்குப்பின் தோழி அய்சாத்துவுக்கு எழுதுகிறாள். தனக்கும் இத்தகைய நிலை நேர்ந்தபோது கணவனை விட்டு நீங்கிய அய்சாத்து, கல்வியின் துணையால் மொழிபெயர்ப்பாளராகித் தன் காலில் நிற்கிறாள்.

அதே ஆண்டில் தமிழில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வெளிவந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் உழைக்கும் பெண்ணுக்குக் கொளுத்தும் வெயில் ஒரு துன்பம். மேலாளும் ஆடவரின் பார்வை மற்றொரு துன்பம். கடல்கள் பல இடையிட்டும், இப்பெண்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் அன்றோ?

அக்கேள்வி நம் தீவுகளுக்கும் உரியது. 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுள் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தோட்டத்துப் பெண் ஆணோடு ஒப்ப உழைத்தாள். மாலையில் ஆணின் வேலை முடிந்தது. அவளுக்கோ அடுப்படியில் அடுத்த வேலை தொடங்கியது. முதல் உழைப்பு கூலிப் பதிவேட்டில் ஏறியது. இரண்டாவது உழைப்புக்குப் பதிவேடு ஏது? இலக்கியந்தான் அதற்குப் பதிவேடு.

பிறமாநிலங்களில் வாழும் நாம் சங்கம் அமைக்கிறோம். பொங்கல் விழா எடுக்கிறோம். மேடையில், வெறுங்கையோடு வந்து குடும்பத்தை நிலைநிறுத்திய பெருமையை ஆடவர் பேசுவர். அவரோடு கப்பலேறி வந்தவள் அந்நேரம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருப்பாள். அவள் கதை எழுதப்படாதவரை நம் குடியேற்றத்தின் வரலாறு பாதி வரலாறே. முதிய தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அமரச்செய்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்போமாக. எமெச்செட்டாவின் நாவலில் வரும் பிள்ளைகளைப்போல, காலங்கடந்து செய்யும் சிறப்பு நமக்கு வேண்டா.